அசலை மிஞ்சிய கவர் பாடல்கள்: காதால் கேட்டு முடிவு செய்ய ஒரு முழு வழிகாட்டி

அக்கா மகளுக்கு ஒரு நாள் டாலி பார்ட்டன் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டைப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே இயர்போனைக் கழற்றிவிட்டு, "மாமா, இது விட்னி பாட்டாச்சே, இவங்க ஏன் பாடுறாங்க?" என்றாள். டாலி அந்தப் பாட்டை எழுதியது 1973-ல், ரெக்கார்டாக வந்தது 1974-ல். விட்னி ஹூஸ்டன் பாடியது 1992-ல், 'தி பாடிகார்ட்' படத்துக்காக. ஆனாலும் அவள் கேட்டதில் தப்பில்லை. எது முதலில் காதில் விழுந்து மனசில் உட்கார்ந்துவிடுகிறதோ அதுதான் எல்லோருக்கும் அசல். அப்புறம் கேட்பது எதுவானாலும் நகல் மாதிரிதான் தெரியும்.

ஒரு கவர் அசலை மிஞ்சிவிட்டது என்று மனசாரச் சொல்ல வேண்டுமானால், இந்த முதல் பழக்கத்தை விட்டு வெளியே வர வேண்டும். அதற்கு நான் சில வருஷங்களாகக் கடைப்பிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஓரளவு நல்ல இயர்போன், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. தொடையில் தாளம் தட்டத் தெரிந்தால் நல்லது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரமாதமாகப் பாடிவிட்டால் மட்டும் கவர் அசலை மிஞ்சிவிடாது. அசல் பாட்டு எங்கேயோ ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கும். பல சமயம் எழுதியவருக்கே அது தெரிந்திருக்காது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பாடுகிறவர்தான் மிஞ்சுகிறார். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த விட்டுப்போன இடத்தைத் தேடத்தான்.

தொடங்கும் முன்: எது கவர், எது இல்லை

ஒருவர் பாடி ரெக்கார்டாக வந்துவிட்ட பாட்டை இன்னொருவர் புதிதாகப் பாடி, வாசித்துப் பதிவு செய்தால் அது கவர். பழைய பதிவையே எடுத்து டிரம்ஸ் சேர்த்து விட்டால் ரீமிக்ஸ். ஒரு துண்டை மட்டும் வெட்டி வேறு பாட்டுக்குள் வைத்தால் சாம்பிள். இந்த இரண்டையும் இங்கே சேர்க்க வேண்டாம்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பேச்சே கொஞ்சம் விநோதமாக இருக்கும். தியாகராஜர் 1847-ல் மறைந்துவிட்டார்; அவர் குரலில் அவர் கிருதியை ரெக்கார்டில் கேட்டவர் யாரும் கிடையாது. அதனால் ஒவ்வொரு பாடகரும் பாடுவது ஒரு பாடாந்தரம், குரு வழியாக வந்த ஒரு வடிவம், அவ்வளவுதான். 'அசலை மிஞ்சிவிட்டார்' என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1950-களுக்கு அப்புறம் ரெக்கார்டுதான் பாட்டு என்றே ஆகிவிட்டது. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு ஸ்டூடியோவில், இன்னார் வாசித்து இன்னார் பாடிய அந்தச் சத்தம்தான் அசல். அதனால்தான் இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்து எடைபோட முடிகிறது.

பண விஷயத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை ரெக்கார்டாக வெளிவந்துவிட்டால், சட்டம் நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டு யாரும் அதைத் திரும்பப் பதிவு செய்யலாம். அந்தப் பணம் எழுதியவருக்குப் போகும்; முதலில் பாடியவருக்குப் போகாது. எல்விஸ் பிரெஸ்லி டாலியின் பாட்டைப் பாட ஆசைப்பட்டபோது, அவருடைய மேனேஜர் பாட்டின் பதிப்புரிமையில் பாதியைக் கேட்டார். டாலி கொடுக்க மறுத்துவிட்டார். கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து விட்னியின் ரெக்கார்டு விற்றபோது, எழுதியவருடைய பங்கு குறையாமல் அவரிடமே வந்து சேர்ந்தது.

படி 1: உண்மையான அசலைப் பிடியுங்கள்

இதில்தான் பலரும் சறுக்குவார்கள். 'ட்விஸ்ட் அண்ட் ஷௌட்' பீட்டில்ஸ் பாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், 1962-ல் ஐஸ்லி பிரதர்ஸ் பாடியது அது என்பார்கள். அதற்கும் முன்னால், 1961-ல், டாப் நோட்ஸ் என்ற குழு அதைப் பாடியிருக்கிறது. தயாரித்தவர் ஃபில் ஸ்பெக்டர். பாட்டை எழுதிய இருவரில் ஒருவரான பெர்ட் பெர்ன்ஸுக்கு அந்த ரெக்கார்டு கொஞ்சமும் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் ஐஸ்லி பிரதர்ஸை வைத்து அவரே தயாரித்தார். இன்று நமக்குத் தெரிந்த பாட்டின் உருவம் அப்போதுதான் வந்தது. ஆக, எழுதியவர் கண்ணெதிரிலேயே ஒரு கவர் அசலை மிஞ்சிய கதை இது.

அதற்கு மேல் ஒரு சுற்று பீட்டில்ஸ் போனார்கள். 1963 பிப்ரவரி 11 அன்று தங்கள் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். ராத்திரி கடைசியாக எடுத்தது இந்தப் பாட்டு. ஜான் லெனனுக்கு ஜலதோஷம் வேறு. நாள் முழுக்கப் பாடியதில் தொண்டை கிழிந்துபோயிருந்தது. முதல் டேக்கே, அதாவது முதல் தடவை பாடிப் பதிந்ததே, ஆல்பத்தில் வந்தது. இன்னொரு டேக் முயன்றபோது குரல் மிச்சமில்லை. அந்தக் கிழிந்த தொண்டையை இயர்போனில் கேட்டால், ஒரு மனுஷன் கையிருப்பு முழுவதையும் செலவழிப்பது கேட்கும். ஐஸ்லி சகோதரர்களிடம் நளினம் அதிகம், குரல் கட்டுப்பாடு அதிகம். இருந்தும் என் ஓட்டு லெனனுக்குத்தான்.

தேடுவது எப்படி? பாட்டு கேட்கும் ஆப்களில் பாட்டின் விவரப் பகுதியில் எழுதியவர் பெயர் இருக்கும். பாடியவரும் எழுதியவரும் வேறு வேறு என்றால் சந்தேகப்படலாம். அது மட்டும் போதாது. 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாட்டை எழுதியவர் பிரின்ஸ். ஆனால் அதை முதலில் வெளியிட்டது 1985-ல் 'தி ஃபேமிலி' என்ற குழு. சினேட் ஓ'கானர் பாடியது 1990-ல். 'கில்லிங் மீ சாஃப்ட்லி' பாட்டில் மூன்று கண்ணிகள்: 1972-ல் லோரி லீபர்மன், 1973-ல் ரோபெர்ட்டா ஃபிளாக், 1996-ல் ஃபியூஜீஸ். பாட்டின் பெயரோடு 'முதலில் பாடியவர்' என்று தேடி, கிடைக்கும் வருஷங்களை நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மிகப் பழைய வருஷத்தில் ஆரம்பியுங்கள்.

படி 2: அசலை மூன்று தடவை, கவரைத் தொடாமல்

முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை வரிகளைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். மூன்றாம் தடவை ஒரே ஒரு கேள்வியோடு கேளுங்கள்: இது எங்கே நின்றுவிடுகிறது?

இதற்கு 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' மாதிரி வேறு உதாரணம் கிடையாது. பாப் டிலன் 1967 நவம்பரில் நாஷ்வில்லில் பதிவு செய்தது. 1966-ல் மோட்டார் சைக்கிள் விபத்துக்கு அப்புறம் ஊர் உலகத்தைவிட்டு ஒதுங்கியிருந்து, திரும்பி வந்தபோது கொண்டுவந்த பாட்டு. அக்கூஸ்டிக் கிதார், ஹார்மோனிகா, பேஸ், டிரம்ஸ். மூன்றே கார்டுகள் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) சுற்றிச் சுற்றி வருகின்றன. பல்லவி கிடையாது. மூன்று சரணம், இரண்டரை நிமிஷம்.

வரிகளைக் கவனியுங்கள். முதல் சரணத்தில் ஒரு கோமாளி, இங்கிருந்து வெளியேற ஏதாவது வழி இருந்தாக வேண்டும் என்று புலம்புகிறான். இரண்டாவதில் ஒரு திருடன், பொய் பேச நேரமில்லை, பொழுது போய்க்கொண்டிருக்கிறது என்று பதில் சொல்கிறான். மூன்றாவதில் திடீரென்று கோட்டைக் காவல் கோபுரம், அங்கிருந்து பார்க்கும் இளவரசர்கள், தூரத்தில் காட்டுப்பூனையின் உறுமல், குதிரையில் நெருங்கி வரும் இரண்டு பேர். காற்று ஊளையிட ஆரம்பிக்கிறது. அத்தோடு வரிகள் முடிந்துவிடுகின்றன! கதை ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் டிலன் வாயை மூடிக்கொள்கிறார். ஹார்மோனிகா கொஞ்ச நேரம் வாசித்து ஓய்கிறது. புயல் வரப்போகிறது என்று சொன்னார், புயலைக் காட்டவில்லை.

நோட்டில் இதை எழுதிவைத்துவிட்டு இப்போது ஜிமி ஹெண்ட்ரிக்ஸைப் போடுங்கள். டிலனின் ஆல்பம் 1967 டிசம்பர் கடைசியில் வெளிவந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1968 ஜனவரி 21 அன்று லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் ஹெண்ட்ரிக்ஸ் இதைத் தொடங்கிவிட்டார். டேவ் மேசன் பன்னிரண்டு தந்திக் கிதார் வாசித்தார். ஹெண்ட்ரிக்ஸுக்குத் திருப்தியே வரவில்லை. அப்புறம் நியூயார்க்கில் மாதக்கணக்கில் அதன்மேல் சேர்த்துக்கொண்டே போனார். செப்டம்பரில்தான் வெளிவந்தது.

முதல் நொடியிலேயே கார்டுகள் கதவைத் தட்டுவதுபோல் விழுகின்றன. சரணங்களுக்கு நடுவில் கிதார் ஒரு தனி ஆளாக நுழைகிறது. நடுவில் வரும் நீண்ட வாசிப்பை மட்டும் தனியாக நாலு தடவை கேளுங்கள். முதலில் ஒற்றை ஒற்றை ஸ்வரமாகப் பேசும். அப்புறம் தந்தியின் மேல் வழுக்கிப் போகும். பிறகு காலால் அழுத்தி ஒலியை மாற்றும் வா-வா பெடலில் குரல் மாதிரியே வாய் திறந்து மூடும். கடைசியில் கார்டுகளாக அடித்து மேலே ஏறும். நாலும் நாலு பாத்திரங்கள் பேசுவதுபோல இருக்கும். மூன்றாம் சரணம் முடிந்து காற்று ஊளையிட்டது என்று பாடியவுடன் கிதார் உச்சிக்குப் போய் அங்கேயே கத்திக்கொண்டு தேய்ந்து மறைகிறது. டிலன் சொல்லாமல் விட்ட புயல் அதுதான்.

மிஞ்சியதா? டிலனே பதில் சொல்லிவிட்டார். ஹெண்ட்ரிக்ஸ் 1970-ல் இறந்தார். 1974-ல் திரும்பவும் ஊர் ஊராகப் பாடக் கிளம்பிய டிலன் அதன் பின் இந்தப் பாட்டை மேடையில் ஹெண்ட்ரிக்ஸ் பாணியை ஒட்டியே பாடினார். அப்படித்தான் பாடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். தன் வாழ்க்கையில் அவர் மேடையில் அதிகம் பாடிய பாட்டு இது, 2,000 தடவைக்கும் மேல்.

படி 3: யார் பேசுகிறார், யாரிடம்?

வரிகளை மாற்றாமலே பாட்டின் அர்த்தத்தைத் தலைகீழாக்க முடியும். பேசுகிற ஆள் மாறினால் போதும்.

'ரெஸ்பெக்ட்' பாட்டை எழுதி 1965-ல் பாடியவர் ஓடிஸ் ரெடிங். உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண் கேட்கிறான்: நான் இல்லாதபோது நீ என்ன செய்தாலும் சரி, என் பணத்தையெல்லாம் எடுத்துக்கொள், வீட்டுக்கு வந்ததும் எனக்கு மரியாதை கொடு. பாட்டு துள்ளிக்கொண்டு ஓடும், பின்னால் பித்தளை வாத்தியங்கள் முட்டிக்கொண்டு வரும். நல்ல ரெக்கார்டு அது, இன்றைக்கும் கேட்கலாம்.

1967 பிப்ரவரி 14, நியூயார்க், அட்லாண்டிக் ஸ்டூடியோ. அரேத்தா ஃபிராங்க்ளினுக்கு அப்போது வயசு 24. கூடப் பாட அக்கா எர்மா, தங்கை கேரலின். அதே பாட்டை இப்போது ஒரு பெண் பாடுகிறாள். நான் இல்லாதபோது நீ தப்புச் செய்தாலும் பரவாயில்லை என்று ஓடிஸ் விட்டுக்கொடுத்த இடத்தில், நீ இல்லாதபோது நான் தப்புச் செய்யப் போவதில்லை, எனக்கே அதில் விருப்பமில்லை என்கிறார் அரேத்தா. ஓடிஸ் பேரம் பேசுகிறார். அரேத்தா பேரமே பேசவில்லை. தன் பக்கம் சுத்தம் என்று சொல்லிவிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடு என்கிறார்.

இதில் மூன்று விஷயங்களைத் தேடிக் கேளுங்கள். அசலில் நடுவில் திருப்பம் எதுவும் இல்லை; இங்கே கிங் கர்டிஸின் சாக்ஸபோன் வருகிறது, அதற்கு அடியில் உள்ள கார்டுகள் சாம் அண்ட் டேவ் பாடிய வேறொரு பாட்டிலிருந்து எடுத்தவை. இரண்டாவது, பின்பாட்டு. ஓடிஸ் தனியாகக் கேட்டார். அரேத்தாவுக்குப் பின்னால் இரண்டு சகோதரிகள் நின்று 'ஆமாம், கேளு' என்பதுபோல் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த அந்த எழுத்துக்கூட்டல். வாத்தியங்கள் சட்டென்று ஒதுங்கிக்கொள்ள, ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அது ஓடிஸ் எழுதியதில் கிடையவே கிடையாது. பாட்டு முழுக்க வருவதுபோல் நமக்கு ஞாபகம் இருக்கும். வருவது கடைசிப் பகுதியில் ஒரே ஒரு இடத்தில்தான். புரியாதவனுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுப்பது மாதிரி இருக்கிறது அது. ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஓடிஸின் ரெக்கார்டு அமெரிக்காவின் பிரபலப் பாட்டுகளுக்கான பொதுப் பட்டியலில் 35-ஆம் இடம்வரை போனது. அரேத்தாவுடையது இரண்டு வாரம் முதலிடம். அதே 1967 ஜூனில் மான்டெரே இசை விழா மேடையில் ஓடிஸ், ஒரு பெண் என்னிடமிருந்து கொண்டுபோய்விட்ட பாட்டு இது என்று சொல்லிவிட்டுத்தான் பாடினார். டிசம்பரில் விமான விபத்தில் இறந்துபோனார், 26 வயசில்.

தமிழில் இதை யோசிப்பது நமக்குச் சுலபம். 'நான்', 'நீ' இரண்டுக்கும் நம் மொழியிலும் ஆண் பெண் பேதம் கிடையாது. 'டா', 'டி' சேர்க்காதவரை ஒரே வரி யார் வாயிலும் நிற்கும். ஒரே மெட்டை ஆண் குரலிலும் பெண் குரலிலும் தனித்தனியாகப் போட்ட நம் படப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காது இந்தப் படியில் நன்றாகவே வேலை செய்யும்.

ஆள் மாறினால் பாட்டு மேலே போகும் என்று கட்டாயமில்லை. 'ஹவுண்ட் டாக்' பாட்டை 1952-ல் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன். தன்னை உறிஞ்சித் தின்னும் ஒருவனை வீட்டைவிட்டு விரட்டும் பெண்ணின் பாட்டு அது. 1956-ல் எல்விஸ் பாடியபோது வரிகள் மாறி, முயல்கூடப் பிடிக்கத் தெரியாத நாய் என்று ஆகிவிட்டது. துடிப்பு இருக்கிறது, டிரம்ஸ் பிரமாதம். ஆனால் விரட்டுகிறவளும் இல்லை, விரட்டப்படுகிறவனும் இல்லை. தார்ன்டனைக் கேட்ட பிறகு எனக்கு எல்விஸுடையது காலியாகத்தான் படுகிறது.

படி 4: தொடையில் தட்டிப் பாருங்கள்

வேகத்தையும் நடையையும் கையால் அளக்க வேண்டும். பீட்டில்ஸ் 1967-ல் வெளியிட்ட 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' நாலு நாலாக, உல்லாசமாக நடக்கும். ரிங்கோ ஸ்டார் பாட, மற்றவர்கள் நண்பர்களாகக் கேள்வி கேட்பார்கள். ஜோ காக்கர் 1968-ல் அதை மெதுவாக்கி மூன்று மூன்றாகத் திருப்பிவிட்டார், நம் கணக்கில் திஸ்ர நடை மாதிரி. தொடையில் தட்டினால் கை உடனே தடுமாறும். அசலில் நண்பர்கள் இருக்கிறார்கள், அதனால் சந்தோஷம். காக்கரிடம் நண்பர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம். அதே வரிகளுக்குள் அது முன்பே இருந்தது. உல்லாச நடையில் கேட்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெதுவாக்கினாலே ஆழம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இப்போது அதிகம். துள்ளலான பாட்டை எடுத்து, பியானோவில் ஒற்றை விரலால் தட்டி, மூச்சுக்காற்றோடு பாடிவிட்டால் கவர் தயார். மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் 2001-ல் 'மேட் வேர்ல்ட்' பாட்டில் அதைச் செய்து ஜெயித்தார்கள். 1982-ல் டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் பாடிய அசலில் வரிகளின் சோகத்தைச் சிந்தசைசர் ஓட்டம் மூடியிருந்தது, இவர்கள் மூடியை எடுத்தார்கள். வரிகளுக்குள் சோகமே இல்லாத பாட்டில் மூடியை எடுத்து என்ன பயன்?

விட்னியின் பாட்டுக்கும் இதே படிதான். டாலி அதை எழுதியது, தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வாகனரின் நிகழ்ச்சியிலிருந்து பிரிந்து போகிறேன் என்று அவரிடமே சொல்வதற்காக. மெல்லிய கிதார், அடங்கின குரல். மூன்றாம் சரணத்தில் பாடுவதையே நிறுத்திவிட்டுப் பேசுகிறார். விட்னி வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் ஆரம்பிக்கிறார். அது கூட நடித்த கெவின் காஸ்ட்னரின் யோசனை. கடைசியில் எல்லாம் நின்று போய், ஒரு நிசப்தம், டிரம்மில் ஒரே ஒரு அடி, சுருதி மேலே ஏறுகிறது. பதினாலு வாரம் அமெரிக்காவில் முதலிடம். நான் என் நோட்டில் எழுதியது: குரலால் மிஞ்சியது, பாட்டால் இல்லை. பிரிந்து போகிறவள் இவ்வளவு உரக்கச் சொல்வாளா என்பது என் கேள்வி.

படி 5: எதைக் கழித்தார்கள்?

'ஹர்ட்', 1994, நைன் இன்ச் நெயில்ஸ் குழு. எழுதியவர் டிரென்ட் ரெஸ்னர், அப்போது முப்பதைத் தொடாத வயசு. 2002-ல் ஜானி காஷ், வயசு 70. தயாரித்தவர் ரிக் ரூபின்.

இரண்டையும் கேட்டு, காஷ் எடுத்துப்போட்டவற்றைப் பட்டியல் போடுங்கள். பின்னணி இரைச்சல் போயிற்று. கிசுகிசுப்பு போயிற்று. கிதாரின் இடறும் ஸ்வரம் போய் நேரான கார்டுகள் வந்தன. முடிவில் இடிந்து விழும் கிதார் சுவர் போயிற்று. ஒரு வார்த்தையும் போயிற்று: அசலில் கெட்ட வார்த்தையோடு வரும் கிரீடம் காஷிடம் முள்கிரீடமாகிவிடுகிறது. அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். ஒரு சொல்லில் சிலுவை வந்து நின்றுவிடுகிறது.

மிச்சம் இருப்பது நடுங்கும் ஒரு குரல், கிதார், பியானோ. அந்தப் பியானோவில் ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப அடிபடும். பாட்டு ஏற ஏற அது பலமாகி, கடைசியில் காது கொள்ளாத அளவுக்குப் போய், பட்டென்று நின்றுவிடும். முடிவு வரி வெறுமையில் விழும். ரெஸ்னரின் வாயில் இந்த வரிகள், இப்படியே போனால் என் கதி என்ன என்று ஒரு இளைஞன் கேட்பது. காஷின் வாயில் அதே வரிகள் நடந்து முடிந்ததன் கணக்கு.

பாட்டை முதலில் வீடியோ இல்லாமல் கேளுங்கள், இது முக்கியம். மார்க் ரோமனெக் எடுத்த வீடியோவில், மூடிக்கிடக்கும் காஷ் மியூசியமும், படிக்கட்டில் நின்று கணவரைப் பார்க்கும் ஜூன் கார்ட்டரும் வருகிறார்கள். 2003 மே மாதம் அவர் இறந்தார், செப்டம்பரில் காஷும் போய்விட்டார். இதெல்லாம் தெரிந்து பார்த்தால் யாருக்கும் தொண்டை அடைக்கும். ரெஸ்னருக்கும் அந்த வீடியோவைப் பார்த்தபோதுதான் பாட்டு இனித் தன்னுடையது இல்லை என்று தோன்றியது. நாம் எடைபோடுவது பாட்டை என்பதால், காதுக்கு முதல் உரிமை கொடுக்க வேண்டும்.

படி 6: நடுவில் ஒருவர் இருக்கிறாரா?

'ஹல்லேலூயா'வை லெனர்ட் கோஹன் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். 1984-ல் ஆல்பத்தில் வந்தபோது கொலம்பியா நிறுவனம் அதை அமெரிக்காவில் வெளியிடவே மறுத்தது. அந்தப் பதிவில் குரல் ஆழம், கோரஸ் கனம், சிந்தசைசர் அந்தக் காலத்துச் சத்தம். 1991-ல் கோஹனுக்கு மரியாதையாக வந்த தொகுப்புக்காக ஜான் கேல் வரிகளைக் கேட்க, கோஹன் 15 பக்கம் ஃபேக்ஸ் அனுப்பினார். கேல் அதிலிருந்து பொறுக்கி எடுத்து, வெறும் பியானோவில் பாடினார். ஜெஃப் பக்லி கேட்டுக் கற்றது கேல் பாடியதைத்தான். 1994-ல் 'கிரேஸ்' ஆல்பத்தில் வந்த பக்லியின் பாட்டு கிட்டத்தட்ட ஏழு நிமிஷம், ஒரு எலெக்ட்ரிக் கிதார், ஒரு குரல். அதில் முதலில் கேட்பது அவர் விடும் மூச்சு. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள், அந்த மூச்சிலேயே பாட்டு ஆரம்பித்துவிடுகிறது.

அப்படியானால் கோஹனை மிஞ்சியது யார்? என் கணக்கில் பக்லி மிஞ்சினார். மிஞ்சுவதற்கான வேலையில் பாதியைச் செய்தவர் கேல். பைபிள் கதையோடு படுக்கையறையைச் சேர்த்த வரிசை கேல் கட்டியது. பின்னால் இதைப் பாடியவர்களில் பெரும்பாலோர் அந்த வரிசையையே எடுத்துக்கொண்டார்கள். கேலைத் தாண்டிக் குதித்து நேராகக் கோஹனையும் பக்லியையும் மட்டும் வைத்துப் பார்த்தால் இது கேட்காது.

படி 7: கணக்கில் சேர்க்கக் கூடாதவை

விற்பனையைச் சேர்க்காதீர்கள். 1955-ல் ஃபேட்ஸ் டாமினோ பாடிய 'எய்ன்ட் தட் எ ஷேம்' பொதுப் பட்டியலில் பத்தாம் இடம். அதே வருஷம் பேட் பூன் பாடிய கவர் முதலிடம். அன்றைய அமெரிக்க ரேடியோவில் கறுப்பின ரெக்கார்டுகளுக்குப் பல கதவுகள் மூடியிருந்தன. அதே பாட்டை வெள்ளையர் குரலில் கொடுத்தால் திறந்தன. இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், பூன் பாடியதில் டாமினோவின் அந்த உருளும் பியானோவுக்கு ஈடாக எதுவுமே இல்லை. கவர் பாட்டுகளின் சரித்திரத்தில் இந்த அநியாயமும் ஒரு பகுதி, தெரிந்துகொண்டே கேட்க வேண்டும்.

அதேபோல் எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதும், விருதும் வேண்டாம்.

படி 8: ஒரு வரியில் தீர்ப்பு, இரண்டு வாரம் கழித்து மறுபடி

எல்லாம் கேட்டு முடித்ததும் ஒரே வரி எழுதுங்கள்: மிஞ்சியதா, எந்த இடத்தில். 'எந்த இடத்தில்' என்று எழுத முடியாவிட்டால் தீர்ப்பு இன்னும் ஆகவில்லை. தேதி போடுங்கள். இரண்டு வாரம் அந்தப் பாட்டுப் பக்கமே போகாதீர்கள். திரும்ப வரும்போது முதலில் கவர், அப்புறம் அசல் என்று வரிசையை மாற்றிக் கேளுங்கள்.

என் நோட்டில் 'ஹர்ட்' இரண்டு தடவை அடிபட்டிருக்கிறது. முதலில் காஷ் என்று எழுதினேன். அப்புறம் ரெஸ்னரின் ஆல்பத்தை ஆரம்பத்திலிருந்து கேட்டேன். கிட்டத்தட்ட ஒரு மணி நேர இரைச்சலுக்குப் பின், கடைசிப் பாட்டாக அது வரும்போது உடைந்த ஒருவன் முதல் தடவையாக மெல்லப் பேசுவதுபோல இருந்தது. காஷை அடித்துவிட்டு ரெஸ்னர் என்று எழுதினேன். இப்போது இருப்பது: தனிப் பாட்டாகக் காஷ், ஆல்பத்தின் முடிவாக ரெஸ்னர்.

அக்கா மகளும் ஒரு நோட்டுப் போட்டாள். டாலியை மூன்று தடவை கேட்டாள், பேசும் சரணத்தில் இரண்டு தடவை நிறுத்திக் கேட்டாள். இரண்டு வாரம் கழித்து வந்து, "விட்னிதான் மாமா" என்றாள். எந்த இடம் என்றேன். "அந்த டிரம் அடிக்கு முன்னாடி ஒண்ணுமே கேக்காது பாருங்க, அங்கதான் அவங்க கிளம்பிப் போறாங்க. டாலி போறேன் போறேன்னு சொல்றாங்க, ஆனா போகல."

அன்று ராத்திரி அந்த இடத்தை மட்டும் ஐந்து தடவை போட்டுக் கேட்டேன். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் புதுத் தேதி போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் பத்து நாள் இருக்கிறது.